தண்ணீர் இறக்கி வைத்த பொன்

சென்ற இதழில் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு பொட்டலம் வந்திருப்பதாக ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு சேலம், நாமக்கல் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தங்கத்தைப் பற்றித்தான். ஆகவே இந்த இதழ் முழுக்கத் தங்கம்.

திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரர் ஒருவர்: ஒரு தோட்டத்தில் போர் போட்டோம். 700 அடி தாண்டியதும் வெளியே வந்த பவுடரில் மஞ்சளாக மினுமினுப்பு. தோட்டக்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லி, பவுடரைச் சாக்கில் கட்டி வீட்டுக்குள் வைத்துவிட்டார். உங்களுக்கும் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். தங்கம்தானா?

இல்லை. தோட்டக்காரரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பொட்டலத்தை வெள்ளைத் தாளில் கொட்டிக் குண்டூசியால் தள்ளிப் பார்த்தேன். மினுங்கியதில் பெரும்பகுதி ஊசி பட்டதும் வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்தது. ஊதினால் பறந்தது. அதற்கு நம் முன்னோர் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்: காக்காப்பொன். கடையில் கேட்டால் மைக்கா. மீதி இருந்த இரண்டு மூன்று மணிகள் பித்தளை நிறத்தில், பகடைக்காய் போலச் சதுரமாக இருந்தன. அம்மிக்கல்லில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் கறுப்புப் பொடியாக நொறுங்கி, தீக்குச்சி உரசியது போல ஒரு வாசம் வந்தது. அது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. தங்கத்தைத் தட்டினால் நொறுங்காது, தகடாகும். தட்டில் தண்ணீர் ஊற்றி அலசினால் மணலெல்லாம் ஓடிப்போன பிறகும் அடியிலேயே கிடக்கும். மணலைவிட அது ஏழு மடங்கு கனம்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். தங்கம் பாறைக்குள் எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள உங்கள் ஊர்க்காரர்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது. நாடு முழுக்கப் போய்த் துளை போடுகிறீர்கள். 900 அடி கருங்கல் வறண்டு கிடக்கும். ஒரு விரல் அகல விரிசலில் தண்ணீர் பீறிடும். ஊற்றுக்கண் என்கிறோமே, அதுதான் தங்கத்தின் கதையும். தங்கம் பாறையில் முளைத்ததில்லை. ஊற்றுக்கண் வழியாகத் தண்ணீர் சுமந்து வந்து இறக்கி வைத்துவிட்டுப் போனது.

குமாரபாளையம் கல்லூரி மாணவி: எரிமலைப் பாறையில் தங்கம் கிடைக்கிறது என்றால், எரிமலைக் குழம்போடு தங்கமும் உருகி வந்து உறைந்தது என்றுதானே அர்த்தம்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எரிமலை தந்தது இடம். சுமந்து வந்தது தண்ணீர்.

கோலார்த் தங்கவயலை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல். கடலடியில் எரிமலைக் குழம்பு பீறிட்டு, தண்ணீர் பட்டதும் தலையணை தலையணையாக உறைந்து குவிந்தது. எரிமலை உமிழ்ந்த அந்தக் காலத்துக் கற்குவியல் பாறை ஒன்று தங்கவயலை ஒட்டிய பெத்தபள்ளியில் இன்றும் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. கடலடியில் உறைந்த அந்த எரிமலைப் பாறை கடல்நீரைக் குடித்து, தன் கனிமங்களுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டது. காலப்போக்கில் நிலத்தட்டுகள் நெருக்க, பாறை ஆழத்துக்குப் போனது. ஆழத்தில் 500 டிகிரிக்கு மேல் சூடு.

பச்சைச் செங்கல்லைச் சூளையில் அடுக்கித் தீ வைத்தால் முதலில் என்ன வரும்? ஆவி. அங்கேயும் அதுவே நடந்தது. கல்லுக்குள் பூட்டியிருந்த நீர் பிதுங்கி வெளியேறியது. கூடவே கரியமில வாயு, கந்தகம். சாதாரணப் பாறையில் ஒரு டன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கம் எங்கும் தூவிக் கிடக்கும். இந்த வெந்நீர் பல கன கிலோமீட்டர் பாறையைக் கழுவிக்கொண்டு, அந்தத் தூவலைத் திரட்டியபடி விரிசல்களில் மேலே ஏறியது. வழியில் 250 முதல் 400 டிகிரி வரை சூடுள்ள ஓரிடத்தில், வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) என்கிறோமே, அந்த வெண்கல்லோடு வெண்கல்லாகத் தங்கமும் படிந்தது. படிந்து சுமார் 250 கோடி ஆண்டு ஆகிறது.

நம் பக்கத்து உப்புத்தண்ணீரைத் தினமும் காய்ச்சும் அண்டாவின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளைக் காரை பிடித்திருக்கும். பாறை விரிசலில் பிடித்த காரைதான் தங்க ரேகை.

ராசிபுரம் இல்லத்தரசி: தாலிச் சங்கிலியோடுதான் முப்பது வருஷமாகக் குளிக்கிறேன். ஒரு குன்றிமணி எடைகூடக் குறையவில்லை. தங்கம் தண்ணீரில் கரையும் என்கிறீர்களே?

உங்கள் குளியல் தண்ணீரில் கரையாது. 300 டிகிரி சூட்டில், காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேலான அழுத்தத்தில், கந்தகம் கலந்த தண்ணீரில் குளித்தால் கரையும். கந்தகம்தான் சூட்சுமம். தங்கம் தண்ணீரோடு நேரடியாகச் சேராது. நீரில் கரைந்திருக்கும் கந்தகம் ஒரு தங்க அணுவை இரண்டு பக்கமும் கைபிடித்துக்கொள்கிறது. அந்தத் துணையோடு அது கரைசலில் பயணம் செய்கிறது. அப்போதும் தாராளமாக அல்ல. நூறு கோடி பங்கு தண்ணீரில் சில பங்கு, சில பத்துப் பங்கு தங்கம், அவ்வளவே. ஆனால் அந்தத் தண்ணீருக்கு அவசரம் இல்லை. லட்சக்கணக்கான ஆண்டுகள் ஓடிக்கொண்டே இருந்தது.

சங்ககிரி லாரி உரிமையாளர்: சரி, ஏற்றியாகிவிட்டது. எங்கே, ஏன் இறக்கியது?

உங்களுக்கு லாரிக் கணக்கிலேயே சொல்கிறேன். கந்தகம் லாரி, தங்கம் லோடு. வழியில் இரும்புச் சத்து மிகுந்த எரிமலைப் பாறை குறுக்கே வருகிறது. இரும்புக்குக் கந்தகம் என்றால் உயிர். லாரியையே பிடித்து வைத்துக்கொள்கிறது, அதுதான் பைரைட். வண்டி போய்விட்டால் லோடு என்ன செய்யும்? அங்கேயே கிடக்கும். எரிமலைப் பாறையில் தங்கம் அதிகம் அகப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கருங்கல்லிலும் மணற்கல்லிலும் அவ்வளவு இரும்பு கிடையாது. பைரைட்டைப் பார்த்து ஏமாறுகிறோமே, நிஜத் தங்கத்துக்குப் பக்கத்திலும் பெரும்பாலும் அதுவே இருக்கும்.

தங்கம் இறங்குவதற்கு இன்னொரு காரணம் அழுத்தம். விரிசல் வெண்கல்லால் அடைபட்டதும் கீழே தண்ணீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் நிலநடுக்கம், அடைப்பு உடையும். குக்கரின் விசிலைத் தூக்கிவிட்டது போல அழுத்தம் சட்டென்று விழும். விழுந்த நொடியில் கரைசல் தாங்கிக்கொண்டிருந்ததை எல்லாம் உதறிவிடும். மீண்டும் அடைப்பு, மீண்டும் நடுக்கம்.

என் மேசையில் உள்ளங்கை அளவு கோலார் கல் ஒன்று இருக்கிறது. சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் கொடுத்தது. பால் வெள்ளை இல்லை; நீலம் கலந்த சாம்பல் நிறம், அடுப்புப் புகை படிந்த கண்ணாடி மாதிரி. ஓரத்தைத் திருப்பி வெயிலில் பிடித்தால் தலைமுடி கனத்தில் கறுப்புக் கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக, நோட்டுப் புத்தகத்தின் விளிம்பு போல. ஒவ்வொரு கோடும் ஒரு முறை விரிசல் திறந்து மூடியதன் தடம். ஒரு விரல் கனத்தில் பத்தொன்பது எண்ணினேன். லென்ஸ் வைத்துத் தேடியும் மஞ்சள் எங்கும் கண்ணில் படவில்லை. அந்தக் காலத்தில் இதை இடித்துப் பொடியாக்கி, அதிலிருந்துதான் தங்கம் எடுத்தார்கள்.

தம்மம்பட்டி விவசாயி: எங்கள் கரட்டில் வெங்கச்சங்கல் வெள்ளை வெளேரென்று பாளம் பாளமாகக் கிடக்கிறது. அப்படியானால் அதற்குள்ளும் இருக்கலாம்தானே?

வெங்கச்சங்கல் குழாய் மாதிரி. குழாய் போட்ட வீட்டிலெல்லாம் தண்ணீர் வருகிறதா? ஒரு காலத்தில் அங்கே வெந்நீர் ஓடியது என்பதற்கு அது சாட்சி. அந்த வெந்நீரில் தங்கம் இருந்ததா என்பது வேறு விசாரணை. உலகின் வெண்கல் ரேகைகளில் பெரும்பாலானவை அந்த விசாரணையில் வெறுங்கையோடுதான் நிற்கின்றன.

செவ்வாய்ப்பேட்டை நகைப் பட்டறைக்காரர்: ஒரு பவுனுக்கு எத்தனை கல் உடைக்க வேண்டும்?

கோலாரின் ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்தது. ஒரு டன்னில் ஐந்து பவுன். மூடும் காலத்தில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரு பவுனுக்கு மூன்று டன் கல். உங்கள் பட்டறைக்குப் பின்னால் கிடக்கும் சாதாரணப் பாறையில் டன்னுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பவுனுக்கு 4,000 டன். 16 டன் லாரியில் 250 நடை. அந்த 250 லாரிக் கல்லின் பவுனை மூன்று டன்னுக்குள் சுருக்கித் தந்த உழைப்பு தண்ணீருடையது.

சேலம் பள்ளி ஆசிரியை: கோலார் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே 800 டன் எடுத்தார்கள். நமக்கு மட்டும் ஏன் இல்லை?

இந்தக் கேள்விக்காகவே இந்த இதழ் முழுவதையும் கொடுத்திருக்கலாம்.

கோலார் பட்டை தெற்கு வடக்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளம். அகலம் சில கிலோமீட்டர்தான். அதன் தென்முனை ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தின் பிசானத்தம், சிகுருகுண்டா வழியாக நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மகராஜகடை வரை எட்டிப் பார்க்கிறது. அங்கும் தங்கம் தேடியிருக்கிறார்கள். அதற்குத் தெற்கே பாறையின் குணமே மாறிவிடுகிறது.

அடுத்த முறை கிருஷ்ணகிரியிலிருந்து 44ஆம் எண் நெடுஞ்சாலையில் சேலத்துக்கு வரும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். சாலை வெட்டிய இடங்களில் பாறையைப் பாருங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் சாம்பல் நிறக் கோடு போட்ட கல். தருமபுரி தாண்டியதும் எண்ணெய் தடவியது போலப் பச்சை ஓடிய கருங்கல் தலைகாட்டும். தொப்பூர்க் கணவாய் இறங்கிச் சேர்வராயன் மலையைப் பார்க்கும்போது அந்தக் கல்லின் ராஜ்ஜியம். அதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கல் நம் தமிழ்நாட்டுக் கல். அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பெயரை வைத்தார். உங்கள் பஸ் சமதளத்தில் ஓடுகிறது என்றுதான் நினைப்பீர்கள். பாறைக் கணக்கில் நீங்கள் பாதாளத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். வடக்கே இருப்பது பழைய பூமியோட்டின் மேல் மாடி, நடு மாடி. சேலத்தில் நம் காலடியில் இருப்பது அதன் அடித்தளம். ஒரு காலத்தில் 20, 25 கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 டிகிரியில் வெந்த கல். மேலே இருந்த மாடிகளை மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டன. உலகத்துப் புவியியலாளர்கள் இந்தச் சாலையோரப் பாறைகளைப் படிக்கவென்றே வந்து போகிறார்கள்.

முன்பு சொன்ன சூளையை நினைவில் வையுங்கள். கோலார், ஆவி பறந்துகொண்டிருக்கும்போதே நின்றுபோன சூளை. சேலம், வெந்து சிவந்து ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் இறக்கிய சூளை. தண்ணீர் எப்போதோ மேலே போய்விட்டது. அது எதைச் சுமந்து போயிருந்தாலும் மேல்மாடியில்தான் இறக்கியிருக்கும். அந்த மாடி இன்று இல்லை. இவ்வளவு வெந்த பாறையில் தங்கம் இருக்கவே இருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவில் சேலஞ்சர் என்ற சுரங்கம் இப்படிப்பட்ட பாறையில்தான் ஓடியது. ஆனால் அது அபூர்வம்.

இளம்பிள்ளை நெசவாளர்: கஞ்சமலையில் சித்தர்கள் இரும்பைப் பொன்னாக்கினார்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார். மலையின் பெயரிலேயே பொன் இருக்கிறதே?

கஞ்சம் என்ற சொல்லுக்குப் பொன் என்றும் ஒரு பொருள் உண்டு. சித்தர் கோயிலுக்கு அமாவாசைக்குப் போகும் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் கஞ்சமலை தன் வயிற்றில் வைத்திருப்பது இரும்பு. கறுப்பும் வெளுப்புமாக வரி வரியாக ஓடும் அந்தக் கல்லைப் பிளந்து காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஜோசையா மார்ஷல் ஹீத் 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தபோது சேலத்து இரும்புக் கல்லை நம்பித்தான் வைத்தார்.

இந்த இரும்பும் வெந்நீர்க் கதைதான். ஆதிக்கடலின் அடியில் எரிமலைப் பிளவுகளில் கொதித்து வெளிவந்த நீரில் இரும்பு கரைந்திருந்தது. அது கடலடியில் ஏடு ஏடாகப் படிந்து, பிறகு வெந்து, மடிந்து மலையாக நிற்கிறது. ஒரே தண்ணீர், ஓரிடத்தில் பொன், ஓரிடத்தில் இரும்பு. ரசவாதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு தனிமத்தை இன்னொன்றாக்க அணுவின் கருவையே மாற்ற வேண்டும். மூலிகைக்கும் புடத்துக்கும் அந்த வலு கிடையாது. நம் பூமியில் இருக்கும் தங்கம் நட்சத்திரங்கள் மோதிய உலையில் பிறந்து, பூமி உருவாகும்போதே வந்து சேர்ந்தது.

கருப்பூர் கல்லூரி மாணவர்: வெந்நீர் பாறையில் போட்ட ரேகையைக் கண்ணால் பார்க்கக் கோலார் வரை போக வேண்டுமா?

வேண்டாம். உங்கள் கல்லூரியிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். வெள்ளைக்கல் வெட்டும் கரடுகள்.

பழுப்பேறிய ஒரு பாறைச் சுவர். அதன்மேல் யாரோ சுண்ணாம்பைக் கரைத்து விசிறியடித்தது போல வெள்ளை நரம்புகள். கை கனத்தில் ஒன்று ஏறும். விரல் கனத்தில் கிளை பிரியும். நூல் கனமாகி இன்னொரு நரம்போடு சேரும். உடைத்துப் பார்த்தால் உள்ளே காலிஃபிளவர் பூ மாதிரி உருண்டு திரண்டிருக்கும். நாக்கில் வைத்தால் ஒட்டும். அதுதான் மேக்னசைட். பூமியின் ஆழத்திலிருந்து வந்த மெக்னீசியப் பாறையின் விரிசல்களில் கரியமில வாயு கலந்த நீர் ஊடுருவியது. பாறையிலிருந்த மெக்னீசியத்தைப் பிடுங்கி, விரிசல்களில் வெள்ளையாக வைத்துவிட்டது. தங்க ரேகைக்கும் இதற்கும் சூட்டில் வித்தியாசம், சரக்கில் வித்தியாசம், வேலை ஒன்றுதான். விரிசல், தண்ணீர், படிவு. இந்த வெள்ளைக்கல்லைச் சுட்டுச் செய்த செங்கல்தான் எஃகு உலைகளின் உட்சுவர். வேலை நடக்கும் இடத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு, ஆசிரியரோடு போங்கள்.

பரமத்திவேலூர் வாசகர்: எங்கள் சித்தம்பூண்டியில் பிளாட்டினம் இருக்கிறது என்கிறார்கள். அதுவும் வெந்நீர் கொண்டுவந்ததா?

இல்லை, அது வேறு பிறவி. சேகோ ஆலைத் தொட்டியில் மரவள்ளிப் பால் நின்றால் மாவு அடியில் இறுகி, தெளிவு மேலே நிற்கும் அல்லவா? சித்தம்பூண்டியில் எரிமலைக் குழம்பே அப்படி அடுக்கடுக்காகப் படிந்தது. கறுப்புக் குரோமைட் அடுக்குகளோடு பிளாட்டினம் வகை உலோகங்கள் சேர்ந்திருக்கின்றன. புவியியல் ஆய்வுத்துறை அங்கே துளையிட்டு ஆராய்ந்திருக்கிறது.

அங்கே கிடைக்கும் வெள்ளைக் கல் அனார்த்தோசைட். நிலவின் மேட்டுநிலமும் அதே வகைக் கல். சந்திரயான் கலங்களின் சோதனைக்காகச் சித்தம்பூண்டி, குன்னமலைக் கல்லைப் பொடித்துத்தான் நிலவு மண்ணை இங்கேயே உண்டாக்கினார்கள். பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர்களின் பங்கு அதில் உண்டு. உங்கள் ஊர்க் காட்டில் கிடக்கும் குருந்தக்கல்லையும் சும்மா நினைக்காதீர்கள். உலகத்துக் கனிமப் புத்தகங்களில் கொரண்டம் என்று இருப்பது நம் குருந்தம்தான். பெயர் நாம் கொடுத்தது.

சிங்கப்பூரில் இருக்கும் ஆத்தூர்க்காரர்: இதெல்லாம் ஆதிகாலத்தோடு முடிந்துபோன கதையா, இன்றும் நடக்கிறதா?

உங்களுக்குக் கிழக்கே, பப்புவா நியூ கினியின் லிஹிர் தீவில் இப்போதும் நடக்கிறது. இடிந்த எரிமலை வாய்க்குள் பெரும் தங்கச் சுரங்கம். அதன் அடியிலிருந்து வெந்நீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஆழத்துத் தண்ணீரை எடுத்து அளந்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. நூறு கோடிக்குப் பதினைந்து பங்கு தங்கம். கேட்டால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் அந்த ஓட்டத்தில் ஆண்டுக்கு 24 கிலோ தங்கம் வருகிறது. அந்த மாபெரும் படிவம் முழுவதும் உருவாகச் சுமார் 55,000 ஆண்டு போதும் என்று கணக்கிட்டார்கள். பூமியின் வயதில் அது ஒரு கண்சிமிட்டல். இது கோலார் மாதிரி ஆழத்து வேலை அல்ல; எரிமலையின் தோலுக்கு அடியிலேயே நடப்பது. நியூசிலாந்தின் வையோடபுவில் கொதிக்கும் குளம் ஒன்றின் கரையைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு படிவு இருக்கும். அதற்குள்ளும் தங்கம் உண்டு.

நாமக்கல் கோழிப்பண்ணையாளர்: அடியில் தங்க ரேகை ஓடுகிறது என்று சொல்லி ஒரு நிலத்தை மூன்று மடங்கு விலைக்கு விற்க வருகிறார்கள். லேப் ரிப்போர்ட்கூடக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். லேபுக்குப் போன கல் அந்த நிலத்துக் கல்தான் என்பதற்கு என்ன சாட்சி? உண்மையாகவே தங்கம் இருந்தாலும் 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி அரசு குத்தகை இல்லாமல் ஒரு கிராம் எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. பட்டா உழுவதற்கு.

இந்த ஆசைக்கு நம் மாநிலத்திலேயே பழைய பாடம் உண்டு. கூடலூர், தேவாலா, பந்தலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் ஓடை மணலை அரித்துக் கொஞ்சம் பொன் எடுத்து வந்தார்கள். 1879, 80இல் அந்தச் சேதி லண்டனுக்குப் போய், முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பங்கு விற்றன. காப்பித் தோட்டங்கள் தங்க வயல் என்ற பெயரில் கைமாறின. இயந்திரங்கள் மலையேறின. இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. தங்கம் இருந்தது, பொய் இல்லை. செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு இல்லை. அவர்கள் விட்டுப்போன குழிகள் காட்டுக்குள் இன்னும் வாய் பிளந்து கிடக்கின்றன. அவற்றில் இறங்கித் திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள் மண் சரிந்தும் மூச்சு முட்டியும் செத்திருக்கிறார்கள்.

சூரமங்கலத்திலிருந்து ஒரு பெண் வாசகர்: என் தாத்தா கோலார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பிய பிறகு இருமியே செத்துப்போனார். "அவர் வெட்டிய தங்கத்தில் ஒரு பொட்டுகூட நம்மிடம் இல்லை" என்று பாட்டி சொல்வார். அந்தத் தங்கத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். அவரைப் பற்றியும் எழுதுவீர்களா?

எழுதாமல் இருந்தால் தப்பு, அம்மா.

ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் கோலாருக்கு வந்தது. கீழே இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் நம் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் போனவர்கள். நிலமில்லாதவர்கள், சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். 1902இல் சிவசமுத்திரத்தில் நம் காவிரியில் எடுத்த மின்சாரம் 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பியில் ஓடி அந்தச் சுரங்கத்துக்குப் போனது. சுரங்கத்தில் விளக்கு எரிந்தபோது இந்தப் பக்கத்துக் கிராமங்கள் அரிக்கேன் வெளிச்சத்தில் இருந்தன.

உங்கள் தாத்தா இறங்கிய சாம்பியன் ரீஃப் 3,200 மீட்டர் ஆழம் வரை போனது. பத்தாயிரம் அடிக்கு மேல். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அவ்வளவு ஆழத்தில் பாறை தன் பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். ராக்பர்ஸ்ட் என்பார்கள். மேலே தொழிலாளர் லைன் வீடுகளில் அந்த அதிர்வில் பாத்திரம் உருண்டதும் பெண்கள் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள்.

இருமல் என்று எழுதியிருந்தீர்கள். அதன் காரணமும் அந்தப் பழைய வெந்நீர்தான். தங்கத்தோடு அது படியவைத்தது வெண்கல். வெண்கல் என்றால் சிலிக்கா. துளையிடும்போது பறக்கும் அந்தத் தூசி கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தூள். நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. உட்கார்ந்த இடத்தில் தழும்பாகும். தழும்பு கூடக்கூட மூச்சு சுருங்கும். சிலிகோசிஸ் என்ற இந்த நோய் இந்தியாவில் முதன்முதலாக 1934இல் கோலார்த் தங்கவயலில்தான் பதிவானது. போனதைத் திருப்பிக் கொடுக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே போனது. ஊருக்கு மிஞ்சியது சயனைடு மலை என்று அவர்கள் சொல்லும் கழிவு மண் குன்றுகள். காற்றடித்தால் அந்தத் தூசி இன்றும் வீடுகளுக்குள் வருகிறது. பாட்டி சொன்னது சத்தியம். இந்த நாட்டில் யார் கழுத்தில் பழைய தங்கம் கிடந்தாலும் அதில் உங்கள் தாத்தாவின் மூச்சும் கொஞ்சம் இருக்கலாம். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது.

இப்போது மறுபடியும் திருச்செங்கோட்டு நண்பருக்கு. உங்கள் பொட்டலத்தில் தங்கம் இல்லை என்றேன். அதில் பாதிக்கு மேல் என்ன இருந்தது தெரியுமா? வெங்கச்சங்கல் தூள். கோலாரில் பறந்த அதே தூசி. ஊற்றுக்கண்ணைத் தொடும் வரை உங்கள் வண்டி கிளப்பும் புகைமண்டலத்தில் நிற்கும் பையன்கள் மூக்கில் துண்டு கட்டியிருக்கிறார்கள். துண்டு அந்தத் தூளைத் தடுக்காது. துளையிடும்போதே காற்றோடு தண்ணீரைப் பீய்ச்சும் ஏற்பாடு உங்கள் வண்டியில் இருக்கும். வறண்ட பாறையிலும் அதை ஓட விடுங்கள். தூசியை வடிகட்டும் நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். அடுத்த கடிதத்தில், எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன்.